ஹான்ஃபோர்டின் எஃகுத் தொட்டிகள்

1943இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்டு அணுவளாகம் அமைக்கப்பட்டது. எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியம் பிரித்தபின் எஞ்சிய கழிவில் நைட்ரிக் அமிலம் மிகுந்திருந்தது. அதைத் தாங்கவல்ல துருப்பிடிக்காத எஃகு போர்க்காலத்தில் அரிது; விலையும் அதிகம். எனவே கான்கிரீட் கூட்டினுள் கார்பன் எஃகுத் தகடு பதித்த நிலத்தடித் தொட்டிகளே கட்டப்பட்டன. தகட்டை அமிலம் அரிக்காதிருக்க, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கழிவைக் காரமாக்கினர்.

கழிவுக்கேற்பக் கொள்கலன் தேர்ந்தெடுக்கப்படவில்லை; கொள்கலனுக்கேற்பக் கழிவே மாற்றப்பட்டது. விளைவாக, கழிவின் கொள்ளளவு பெருகியது, உலோகங்கள் சேறாகப் படிந்தன, உப்புகள் இறுகின. இன்று கழிவை வெளியே எடுக்கும் பணியைக் கடினமாக்குபவை இவையே.

1964 வரை கட்டப்பட்ட ஒற்றைச் சுவர்த் தொட்டிகள் 149. அவற்றுள் டி-106 என்னும் தொட்டியிலிருந்து மட்டும் 1973இல் 4 லட்சம் லிட்டருக்கு மேல் மண்ணில் கசிந்தது. திரவமட்டம் தாழ்வதைக் காட்டும் அளவீடுகள் பல வாரங்களாகப் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பார் இல்லை!

பின்னர் வந்த 28 இரட்டைச் சுவர்த் தொட்டிகளும் கார்பன் எஃகால் ஆனவையே. அவற்றுள் மூத்ததான ஏஒய்-102இன் உட்சுவர் கசிவது 2012இல் உறுதியானது.