நாக் சென்சார் சுற்றுக் கோளாறு: ஜூரோங் பட்டறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருள்

‘செக் இன்ஜின்’ விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி0325, பி0327, பி0328 ஆகிய குறியீடுகளில் ஒன்று வருகிறது. உடனே புது நாக் சென்சார் வாங்கி மாற்றிவிடுவது சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இந்தக் கட்டுரை அந்த வழக்கத்தை மறுக்கிறது. மூன்று குறியீடுகளும் சுட்டுவது ஒரு மின்சுற்றை. அதில் சென்சார், கப்ளர், வயர், வயரைச் சுற்றிய ஷீல்டு, இன்ஜின் கணினி எல்லாம் அடக்கம். எது கெட்டது என்பதை அளந்த பிறகே சொல்ல முடியும்.

சிங்கப்பூரில் சென்சார் கோளாறுக்கும் சுற்றுக் கோளாறுக்கும் உள்ள வேறுபாடு பணத்தோடு நேரடியாகச் சேர்ந்தது. 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் காரின் ஆயுள் பத்தாண்டு. அது முடிந்தபின் ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுவோர் ஏராளம். அந்த வண்டிகளில் சென்சாரைப் போலவே வயரிங்கும் மூப்படைந்திருக்கும். இன்ஜின் சூட்டில் காப்புறை இறுகி வெடிக்கும். ஈரக்காற்றில் கப்ளர் முனைகளில் களிம்பு பிடிக்கும்.

2. தட்டலும் அதை உணரும் விதமும்

பிளக்கின் பொறியிலிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருமுன்னரே, ஓரத்தில் எஞ்சிய கலவை தானாகப் பற்றிக்கொண்டால் சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் மோதுகின்றன. அதுவே தட்டல் (நாக்). அந்த அலையின் அதிர்வெண், சிலிண்டர் விட்டத்தையும் எரிந்த வாயுவில் ஒலி செல்லும் வேகத்தையும் பொறுத்தது. சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் 1930களில் வகுத்த சமன்பாட்டின்படி, 80 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டருக்கு அது ஏறத்தாழ 7 கிலோஹெர்ட்ஸ்.

இன்ஜின் பிளாக்கில் பொருத்தப்பட்ட சென்சாருக்குள் ஒரு பீசோ தகடு இருக்கிறது. அழுத்தினால் மின்னூட்டம் தரும் இந்தப் பண்பைப் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தனர். பழைய ஒற்றை வயர் வகை, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் மட்டும் உரக்கப் பேசும். அதற்கு எர்த் பிளாக் வழியாகவே கிடைக்கிறது. நடுவில் துளையுள்ள தட்டை வகை அகன்ற அலைவரிசையைக் கேட்கும். தட்டலைப் பிரித்தெடுப்பது கணினியின் வேலை. தட்டல் கேட்டால் கணினி, பிளக் பொறி விடும் டைமிங்கைச் சில டிகிரி பின்தள்ளி, பிறகு மெல்ல மீட்கிறது.

3. பெட்ரோல் மீது வரும் பழி

சுற்று அறுந்தால் கணினிக்குச் செவி இல்லை. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அது டைமிங்கை முடிந்தவரை பின்தள்ளி, சாவியை அணைக்கும்வரை அப்படியே வைக்கும். பிக்கப் குறையும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், புகைபோக்கிப் பக்கம் சூடேறும். ஓட்டுநர் அதைப் பார்த்து, எல்லை தாண்டி ஜொகூரில் போட்ட பெட்ரோலைச் சந்தேகிப்பார். சிங்கப்பூர் வண்டிகளுக்கு மலேசியாவில் 95 ஆக்டேன் பெட்ரோல் விற்கக்கூடாது என்பது 2010 ஆகஸ்ட் முதல் உள்ள விதி. அவை 97ஓ அதற்கு மேலோதான் நிரப்ப வேண்டும். தரம் குறைந்த பெட்ரோலால் தட்டல் வரலாம் என்பது உண்மை. அப்போது நல்ல சுற்று தன் வேலையைச் செய்து டைமிங்கைக் குறைக்கும். சுற்றின் மின்னழுத்தம் எல்லை தாண்டியதற்குப் பெட்ரோல் காரணமாகாது.

4. சோதனை

தட்டை வகைச் சென்சாருள்ள டொயோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் கணினி சுற்றுக்கு 5 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்துக் கண்காணிக்கிறது. 0.5 வோல்ட்டும் அதற்குக் கீழும் என்றால் பி0327, 4.5 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் பி0328. முன்னது ஷார்ட்டை நோக்கிக் கைகாட்டுகிறது, பின்னது அறுந்த வயரை. மற்றத் தயாரிப்பாளர்களின் எல்லைகள் வேறுபடும் என்பதால் அந்தந்தக் கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

கப்ளரைக் கழற்றுவதே சோதனையின் மையம். கழற்றிச் சாவியைப் போட்டதும் வயர் பக்கத்தில் 4.5 முதல் 5.5 வோல்ட் வர வேண்டும். வந்தால் கணினியும் வயரும் பெரும்பாலும் நலம். சென்சார் பக்கம் போகலாம். வராவிட்டால் புதுச் சென்சார் எதற்கும் உதவாது. இன்னொரு சான்றும் இங்கேயே கிடைக்கும்: பி0327 காட்டிய வண்டி, கப்ளரைக் கழற்றியபின் பி0328 காட்டினால் ஷார்ட் கழற்றிய பக்கத்தில் இருக்கிறது. பி0327 மாறாமல் நின்றால் அது வயரிலோ கணினியிலோ இருக்கிறது. பல இன்ஜின்களில் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேனிஃபோல்டை இறக்கும் கூலி சென்சார் விலையைத் தாண்டிவிடும் என்பதால், இறக்குமுன் எட்டும் கப்ளரில் அளந்துவிடுவதே முறை.

சென்சாரின் மின்தடையில் பலர் ஏமாறுகிறார்கள். டொயோட்டாவின் தட்டை வகைக்கு 20 டிகிரி செல்சியஸில் 120 முதல் 280 கிலோ ஓம். உள்ளே மின்தடை வைக்காத பாஷ் வகையில் நல்ல சென்சாரே ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டும். மீட்டரில் ‘ஓப்பன்’ வந்ததும் அதைக் குப்பையில் போடுவது தவறு.

ஆசிலோஸ்கோப் இருந்தால் ஐயமே வேண்டாம். சென்சாருக்கு அருகில் பிளாக்கை மெதுவாகத் தட்டினால், எழுந்து தேயும் அலை திரையில் தெரிய வேண்டும். சென்சார் மீதே தட்டக் கூடாது. பீசோ தகடு உடையும்.

5. பொருத்தும்போது

புதுச் சென்சார் போட்டும் குறியீடு திரும்புவதற்கு இறுக்கமும் ஒரு காரணமாகலாம். தட்டை வகைக்கு வழக்கமான அளவு 20 நியூட்டன் மீட்டர். இறுக்கம் குறைந்தாலும் மிகுந்தாலும் சிக்னல் மாறும். அடியில் துரு, பெயின்ட், வாஷர் எதுவும் இருக்கக்கூடாது. ஒற்றை வயர் வகையின் மரையில் டேப் சுற்றினால் எர்த்தே போய்விடும். அறுந்த ஷீல்டு வயரைச் சாதா வயரால் ஒட்டுப்போட்டால் இக்னிஷன் காயிலின் இரைச்சல் உள்ளே வரும்.

6. வண்டிக்காரருக்கு

பட்டறையில் சென்சாரை மாற்றச் சொன்னால், கப்ளரில் அளந்த வோல்ட்டையும் சென்சாரின் மின்தடையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய பாகத்தைத் திருப்ப முடியாது என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்பே அந்த இரண்டு எண்களும் உங்கள் கையில் இருக்கட்டும்.