ரேம் வாங்கப் போறீங்களா? முதல்ல பிராசஸரைப் பாருங்க!

லேப்டாப் திணறுதேன்னு ரேம் வாங்கக் கிளம்புறீங்களா? ‘இருக்கிறதுலயே வேகமானதைக் கொடுங்க’ன்னு கேட்டுடாதீங்க. ரேம் எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்பதற்கு உச்சவரம்பு வைப்பது பிராசஸர்தான்.

உதாரணத்துக்கு, இன்டெல் கோர் ஐ5-8250யு பிராசஸருக்கு டிடிஆர்4 ரேமின் உச்ச வேகம் 2400. அதில் 3200 ரேமைப் போட்டாலும் 2400 வேகத்தில்தான் ஓடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசு வீண்தான். பழைய ரேம் 2400, புதுசு 2133 என்றால், இரண்டுமே 2133-க்கு இறங்கிவிடும்.

வாங்கும் முன் கவனிக்க...

* விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபாமன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைப் பாருங்கள். இப்போதைய வேகமும் ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையும் தெரியும்.

* பிராசஸரின் மாடல் எண்ணை அதன் நிறுவன இணையதளத்தில் தேடினால், ஏற்கும் ரேம் வகையும் வேகமும் கிடைக்கும்.

* டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5... ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று பொருந்தாது.

* மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது.

பட்ஜெட் இடிக்குதா? வேகத்தை விடுங்க, அளவைக் கூட்டுங்க. 4 ஜிபியை 8 ஜிபி ஆக்கினாலே வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்!