சொற்குருடும் ஒரு பள்ளியாசிரியரும்

எண்களைக் கண்டால் மகிழ்ந்து, எழுத்துகளைக் கண்டால் மருளும் பிள்ளையைக் காணாத ஆசிரியர் அரியர். அத்தகைய பிள்ளைக்கு 'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் பெயரிட்டுக் கடைசி வரிசையில் அமர்த்திய வழக்கம் பல நாடுகளிலும் நெடுங்காலம் நிலவியது. அப்பெயர்கள் பொருந்தா என்பதற்குரிய முதற் சான்றுகளுள் ஒன்று 1896ஆம் ஆண்டில் எழுத்தில் பதிவாயிற்று.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீஃபோர்டு என்னும் ஊரில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் வாழ்ந்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ இதழில், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அவர் எழுதினார். அறிவுடைய பெற்றோருக்குப் பிறந்தவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கண்பார்வையில் குறையில்லாதவன். ஏழு வயது முதல் பள்ளியிலும் தனியாசிரியரிடமும் பயின்றும், ஓரசைச் சொற்களையே தட்டுத் தடுமாறித்தான் அவனால் படிக்க முடிந்தது. தன் பெயரையே எழுத்து இடம்மாற எழுதினான். எழுதியது பிழையென்றும் உணர்ந்தானில்லை. ஆயினும் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் சரியாகவும் பெருக்கிக் காட்டினான்!

மார்கனின் கட்டுரையில் ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அச்சிறுவனுக்குச் சில ஆண்டுகள் கற்பித்த பள்ளியாசிரியர் ஒருவர், பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனே என்று கூறியதாக மார்கன் குறித்துள்ளார். மருத்துவரின் பெயர் நூல்தோறும் வாழ்கிறது; அவ்வாசிரியரின் பெயரோ அக்கட்டுரையில் இல்லை. மூளையில் பிறவியிலேயே அமைந்த குறை என மருத்துவர் ஊகித்தற்கு முன்னரே, அறிவு வேறு, வாசிப்பு வேறு என்பதை வகுப்பறையில் நின்று கண்டவர் அவர்.

மார்கன் இதனைப் 'பிறவிச் சொற்குருடு' என்றழைத்தார். கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட் 1895இல் வெளியிட்ட கட்டுரையே அவரை இத்துறையில் தூண்டியது. ஹின்ஷெல்வுட் 1917இல் தனி நூலே எழுதினார். இன்று வழங்கும் டிஸ்லெக்சியா என்னும் சொல்லை ஜெர்மானியராகிய பெர்லின் 1880களிலேயே ஆக்கியிருந்தார். அவர் அதனை மூளை நோயால் வாசிப்பாற்றலை இழந்த பெரியவர்களுக்கே வழங்கினார்.

பெயர் வைத்தாயிற்று, கற்பிப்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடைதேடிய பணி அமெரிக்காவில் நடந்தது. நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1925இல் அயோவாவில் தாம் ஆய்ந்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இடவல மாற்றத்தைப் பற்றி அவர் தந்த விளக்கம் பின்னர் நிலைக்கவில்லை. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துணர்வதில் உள்ள இடர்ப்பாடே முதன்மையான காரணம் என இன்றைய ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். ஆனால் 1930களில் அவருடன் இணைந்த அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் ஆகியோர் வகுத்த கற்பித்தல் முறை இன்றும் வாழ்கிறது. பிள்ளை எழுத்தைக் கண்ணால் காணும். அதன் ஒலியைச் செவியால் கேட்டு வாயால் சொல்லும். அதனையே கையால் வரையும். விளக்கம் தவறி முறை வென்றது கல்வி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சட்டம் மெல்லவே நடந்தது. பிரிட்டனில் 1970ஆம் ஆண்டுச் சட்டமொன்று டிஸ்லெக்சியாவைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது; 1972இல் அரசு அமைத்த குழு அப்பெயரையே ஏற்கத் தயங்கியது; 1987இல்தான் அரசு நாடாளுமன்றத்தில் அதனை ஒப்புக்கொண்டது. மார்கனின் கட்டுரைக்குப் பின் 91 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் பிரம்படி பட்டுப் பள்ளியை விட்டு நீங்கினரோ? சிங்கப்பூரில் டிஸ்லெக்சியா சங்கம் 1991இல் தோன்றியது. மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு இடமளித்தது.

தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் போதனை நடத்துவோர், ஆங்கிலத்திற்கென வகுத்த பயிற்சிகளை அப்படியே எடுத்தாள இயலாது. ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்குப் பல ஒலி; தமிழில் அத்தொல்லை குறைவு. தமிழின் இடர் வேறிடத்தில் உள்ளது. 'கெ' என்னும்போது மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாகச் செவியில் விழ, தாளிலோ உயிர்க்குறி மெய்யெழுத்துக்கு முன் நிற்கிறது. 'கொ' என்பதில் அக்குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'கௌ' என்பதன் இறுதிக் குறி ளகரத்தைப் போலவே தோன்றுகிறது. 'கொடி' என்பதைக் 'கெடி' என்றெழுதும் பிள்ளை காலைத்தான் விட்டது. ஒலியை விட்டதா என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டால்தான் தெரியும்.