தோட்டத்து லயத்தில் தாலாட்டும் கதையும்

  

பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் பள்ளியின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். பள்ளி எந்த ஆண்டு எழும்பியது, எத்தனை வகுப்பறைகள், யார் யார் தலைமையாசிரியர்களாக இருந்தார்கள் என்றெல்லாம் எழுதுவோம். அவை வேண்டியவைதாம். ஆனால் இந்நாட்டில் தோட்டப் பள்ளிகள் தோன்றுவதற்கு முன்பே நம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அதற்குக் கூரை இல்லை, கரும்பலகை இல்லை, பதிவேடும் இல்லை. விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டில்தான் அந்தப் பள்ளி. அதை ஆட்டிய தாய்தான் ஆசிரியை. அந்தப் பள்ளியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

தால் என்பது என்ன?

‘தால்’ என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி ஓசை எழுப்பிப் பிள்ளையை உறங்க வைப்பதால் ‘தாலாட்டு’ என்று பெயர் வந்தது என்பர். இது நேற்றுப் பிறந்த வழக்கமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடினார். குலசேகர ஆழ்வார் இராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். பின்னர் 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று பிள்ளைத்தமிழில் வரும் பருவங்களைப் பாருங்கள். பிள்ளை தலையை நிமிர்த்தி ஆடுவது, கை தட்டுவது, முத்தம் தருவது, தளர்நடை நடந்து வருவது, நிலாவைக் கூப்பிடுவது எனக் குழந்தையின் வளர்ச்சியையே படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

புலவர்கள் இதை எங்கே கற்றார்கள்? வீட்டுத் திண்ணையில் பிள்ளையை வைத்துக் கொஞ்சிய தாய்மாரிடம்தான் கற்றார்கள். எழுத்தறியாத தாயின் பாட்டிலிருந்தே இலக்கியம் பிறந்தது என்றால் அது மிகையாகாது. ஆகவே, “எங்களுக்கு என்னங்க வாத்தியாரே தெரியும்? நாங்க மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவுங்க” என்று சொல்லும் பெற்றோர்கள் முதலில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்து வந்த செல்வம்

நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியபோது என்ன கொண்டு வந்தார்கள்? ஒரு தகரப் பெட்டி, இரண்டு வேட்டி சேலை, ஒரு செம்பு. சிலரிடம் அதுவும் இல்லை. முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் வந்தார்கள். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகள் பின்னாளில் இந்நாட்டின் முகத்தையே மாற்றின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு மேடெல்லாம் கித்தாத் தோட்டமாயிற்று. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்து வந்தார்கள். தொழிலாளர்களை இவ்விதம் அனுப்பி வைப்பதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது.

தொடக்க காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிறகுதான் பெண்களும் குடும்பம் குடும்பமாக வரலாயினர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பலை இன்றும் நம் பாட்டிமார் பேரைச் சொல்லி நினைவுகூர்கிறார்கள். பெண்கள் வந்த பிறகுதான் லயத்தில் தொட்டில் ஆடியது, தாலாட்டும் கேட்டது. பெட்டியில் வைக்க இடமில்லாததை நெஞ்சில் வைத்துக் கொண்டு வந்தார்கள். சுங்கத்தில் அதற்கு வரியும் இல்லை!

தாலாட்டின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். “ஏன் அழுகிறாய், உன்னை யார் அடித்தார்கள்?” என்னும் பொருளில் கேட்டுவிட்டு, மாமன், அத்தை, பாட்டி, சித்தப்பன் என்று ஒவ்வோர் உறவாகச் சொல்லிக்கொண்டே போவது வழக்கம். மாமன் கொண்டு வரும் சீர்வரிசை மட்டும் ஒரு நீண்ட பட்டியலாக இருக்கும். ஊரிலே பாடினால் அந்த மாமன் பக்கத்துத் தெருவில் இருப்பான். இங்கே? மாமன் கடலுக்கு அப்பால். அத்தையும் பாட்டியும் அங்கேயே. பல பிள்ளைகள் தங்கள் தாய்மாமன் முகத்தைக் கடைசிவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் தாய் விடாமல் பாடினாள். ‘உனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நீ அனாதை இல்லை’ என்று அந்தப் பாட்டு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆறு, குளம், கோவில், ஊர்ப் பெயர் எல்லாம் அந்தப் பாட்டிலே வந்தன. பூகோளப் பாடமும் அதுதான், சரித்திரப் பாடமும் அதுதான்.

நாளாக நாளாகப் பாட்டிலே புதுச் சொற்களும் புகுந்தன. கங்காணி வந்தார், கிராணி வந்தார், துரை வந்தார். பால்வாளியும் உளியும் பெரட்டும் வந்தன. பழைய மெட்டில் புதிய வாழ்க்கையைப் பாடினார்கள்.

இரவு மட்டுமே கிடைத்தது

அந்தத் தாய்க்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ச்சியான விடியற்காலையில்தான். ஆகவே விடியுமுன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டிலேயே ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் நிரைக்குப் போவாள். மரம் சீவி, மங்கிலே சேர்ந்த பாலை எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோரில் கொட்டி, நிறுத்துவிட்டு வீடு திரும்பினால் சமையல், துணி துவைப்பு, விறகு. 1920களின் கடைசியில் ஒரு நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. அந்தக் காசில் பொம்மை வாங்குவது எப்படி? புத்தகம் வாங்குவது எப்படி?

பிள்ளைக்கென்று மிஞ்சியது இரவு மட்டும்தான். மண்ணெண்ணெய் விளக்கைத் தாழ்த்திவிட்டுத் தாய் பாடினாள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் வாசலில் நிலாச்சோறு ஊட்டிக்கொண்டே கதை சொன்னாள். பாட்டி வடை சுட்ட கதை, நரிக் கதை, நல்லதங்காள் கதை, மதுரைவீரன் கதை, தெனாலிராமன் கதை என்று அந்தக் கதைகளுக்கு அளவே இல்லை.

தந்தைமாருக்கும் இதில் பங்கு உண்டு. அதை மறந்துவிடக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும். சென்னையிலிருந்து வந்த ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகத்தை விளக்கடியில் வைத்து இராகம் போட்டுப் படிப்பார். சுற்றிலும் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மடியில் பிள்ளைகள். திருவிழாக் காலத்தில் கூத்து நடக்கும். தப்பும் உறுமியும் முழங்கும். பிள்ளைகள் தகப்பன் தோளில் ஏறி உட்கார்ந்து பார்த்தே தாளம் கற்றார்கள்.

அக்கம்பக்கத்துக் கம்பத்திலிருந்தும் கதைகள் வந்தன. ஆற்றைக் கடப்பதற்காக முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணுவது போல் அவற்றின் முதுகின் மேலேயே தாவிச் சென்ற சருகுமான் கதை மலாய்க்காரர்களின் கதை. அது இன்று நம் பிள்ளைகளின் கதையும்கூட. நல்ல கதை எந்த வேலியையும் தாண்டும் அல்லவா?

பள்ளிக்கூடம் வந்தது

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதை இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். தோட்டங்களுக்குக் கல்வி வந்தது வெகு காலம் கழித்துத்தான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் பள்ளி என்பது ஓர் அத்தாப்புக் கொட்டகைதான். எழுத்து தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார். அப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்தும் படித்து முன்னேறியவர்கள் உண்டே, எப்படி? பிள்ளை வரும்போதே காதிலே தமிழை நிரப்பிக்கொண்டு வந்தது. ஆசிரியர் அதற்கு எழுத்தைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

தாலாட்டு ஒப்பாரியான காலம்

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். பசியாலும், மலேரியாவாலும், காலராவாலும் அங்கேயே மாண்டவர்களும் பல்லாயிரம். தகப்பன் திரும்பி வராத லயங்கள் எத்தனையோ! கஞ்சிக்குக் கிழங்கு தேடிய அக்காலத்தில் தாய்மாருக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் ஒன்றாகிப் போயின. போனவர்கள் பலருக்கு எழுதி வைத்த கணக்கில்லை, நடுகல் இல்லை. வீட்டிலே சொன்ன கதைதான் அவர்களுக்குச் சாட்சி. “ஒங்க தாத்தா சயாமுக்குப் போனாரு, திரும்பி வரல” என்ற ஒரு வரி பேரப்பிள்ளையின் காதில் விழுந்திருந்தால்தான், அந்த மனிதர் வாழ்ந்தார் என்பதே இன்று தெரியும். கதை சொல்வது பொழுதுபோக்கு மட்டும்தானா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வானொலியும் திரையும்

போருக்குப் பின் 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியது. 1949இல் ரீடிஃப்யூஷன் வந்தது. 1960களில் டிரான்சிஸ்டர் வானொலி லயத்துக்குள்ளும் நுழைந்தது. 1963இல் தொலைக்காட்சி வந்தது. திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய தமிழ்ப்படங்களையும், 1947இல் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழையும் மறக்க முடியுமா? இவற்றால் தமிழ் வாழ்ந்தது. நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பாடிய வாய் மெல்ல மெல்லக் கேட்கும் காதாக மாறியது. இப்போது கைப்பேசியின் காலம். பிள்ளை அழுதால் தொட்டிலை ஆட்டுவதற்குப் பதிலாகக் கைப்பேசியைக் கையில் கொடுக்கிறோம். பிள்ளை அடங்குகிறது, உண்மைதான். ஆனால் கைப்பேசிக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது; மாமன் பெயரும் தெரியாது. பிள்ளை இடையில் “அப்புறம்?” என்று கேட்டால் அது நின்று பதில் சொல்லுமா?

தோட்டமும் பழைய தோட்டமாக இல்லை. 1950, 1960களில் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1957இல் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாட்டில் இன்று 500க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. லயம் இடிந்தால் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளலாம். அந்த லயத்துப் பாட்டி கண்ணை மூடினால் அவரோடு போகும் பாட்டை யார் கட்டித் தருவது?

வகுப்பறையில் தெரிவது

முதலாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு ஒரு வாரம் பழகினால் போதும், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் கதை சொல்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும். “அப்ப அந்த நரி எங்க போச்சு டீச்சர்?” என்னும். நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லும். கதை கேளாத பிள்ளைக்கு எழுத்து வருகிறது. ஆனால் சொல் வருவதற்குப் பாடுபட வேண்டியிருக்கிறது. இது பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வேறுபாடு அன்று. காசில்லாத வீட்டுப் பிள்ளை கதைச் செல்வத்தோடு வருவதும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வருவதும் உண்டு.

பெற்றோர்களே! ‘பிள்ளையைப் பள்ளியில் விட்டாச்சு, இனி வாத்தியார் பாடு’ என்று இருந்துவிடாதீர்கள். செம்பனைக் காட்டிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ அலுத்துக் களைத்துத்தான் வருகிறீர்கள். ஆனால் அந்தக் காலத்துப் பால்வெட்டுத் தாயும் அலுத்துத்தான் வந்தாள். படுக்கப் போகுமுன் கால்மணி நேரம் போதும். குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளைக்குத் தாய் தகப்பன் குரலைவிட இனிய குரல் உலகத்தில் இல்லை. கதை தெரியவில்லையா? நீங்கள் பிறந்த தோட்டத்தின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் அப்பா எப்படி மரம் சீவினார், உங்கள் அம்மா எதைப் பாடினார் என்று சொல்லுங்கள். தகப்பன்மாரும் சொல்ல வேண்டும். அது தாய்க்கு மட்டும் விதித்த வேலை அன்று.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பாட்டி, தாத்தாவிடம் உட்காருங்கள். அவர்கள் பாடும் தாலாட்டு, விடுகதை, நடவுப் பாட்டு, சொல்லும் கதை ஆகியவற்றை அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதுங்கள். திருத்த வேண்டாம். யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்று கீழே குறித்து வையுங்கள். கைப்பேசியை இதற்குப் பயன்படுத்திக் குரலையும் பதிவு செய்யுங்கள். அப்போது அதுவும் நல்ல வேலைக்காரன்தான். விழா மேடையில் வாங்கும் பரிசு அலமாரியில் இருக்கும். நோட்டில் நீங்கள் எழுதுவதோ நாளை இத்தோட்ட மக்களின் வரலாறாக இருக்கும்.

தொட்டில் கட்டிய கைகளுக்கு நன்றி சொல்வோம். அந்தப் பாட்டு நம்மோடு நின்றுவிடாமல் அடுத்த தொட்டிலுக்கும் கொண்டு போய்ச் சேர்ப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைச் செல்வங்கள்!