ருக்குன் தெத்தாங்கா: சொல்லப்படாத முதல் பாதி

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இப்பதிவு.

ருக்குன் தெத்தாங்கா என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவன கோத்தோங் ரோயோங், திறந்த இல்ல விருந்து, மூவினத்தாரும் கைகோத்து நிற்கும் படம். ஒற்றுமையை வளர்க்கும் அமைப்பு என்று வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். சொல்வது பொய்யன்று, ஆனால் அது கதையின் பிற்பாதி. முற்பாதியில் கொலையும் வெடிகுண்டும் இருக்கின்றன. சட்டத்தின் கட்டாயமும் இருக்கின்றது.

குடியிருப்புக் காவல் நம் நாட்டில் நெடுங்காலம் பிறர் பார்த்த வேலையாகவே இருந்தது. நகரத்தில் கடைக்கும் கிடங்குக்கும் சீக்கிய ஜாகா கயிற்றுக் கட்டிலோடு காவல் இருந்தார். 1948-இல் அவசரகாலம் தொடங்கிய பிறகு பல தோட்டங்களில் லயங்கள் முள்வேலிக்குள் வந்தன. புதுக்கிராமங்களில் ஊர்க்காவல் படை அமைந்தது. 1960-இல் அவசரகாலம் முடிவுற்றதும் காவல் மீண்டும் போலீசாரின் கைக்கே போயிற்று. 1966 முதல் 1973 வரை தேசியப் போலீஸ் படைத் தலைவராக இருந்த முகமட் சாலே இஸ்மாயில், நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் போலீஸ் சாவடி வைக்கும் முறையைக் கொண்டு வந்தார். அவர் பெயராலேயே அது 'சாலே முறை' எனப்பட்டது. ஜப்பானியரின் 'கோபான்' எனும் தெருமுனைச் சாவடியே அதற்கு முன்மாதிரி. (அதே கோபானைப் பார்த்துச் சிங்கப்பூர் தன் அக்கம்பக்கப் போலீஸ் நிலையங்களைத் தோ பாயோவில் திறந்தது 1983 ஜூன் மாதத்தில்தான். நாம் முந்திக்கொண்டோம் என்பதை இங்கே யாரும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை!)

சாலேவுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற அப்துல் ரஹ்மான் ஹாஷிம், 1974 ஜூன் 7-ஆம் நாள் காலை, கோலாலம்பூரின் நடுவே, காரில் வேலைக்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் முதன்மைக் காவலருக்கே இக்கதி என்றால் சாதாரண மக்களின் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 1975 ஆகஸ்டு 4-இல் ஜப்பானிய செம்படையினர் தலைநகரில் ஏ.ஐ.ஏ. கட்டடத்திற்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிணை பிடித்தனர். அது ஓய்ந்த சில வாரங்களில், ஆகஸ்டு 26-இல், துகு நெகாராவில் கம்யூனிஸ்டுகள் வைத்த குண்டு வெடித்தது.

அதற்கு மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 29-இல், பிரதமர் துன் அப்துல் ரசாக் ருக்குன் தெத்தாங்கா திட்டத்தைத் தொடக்கி வைத்தார். எங்கே தெரியுமா? ஈப்போ சாலையை ஒட்டிய கம்போங் காசிப்பிள்ளையில். ஒரு தமிழர் பெயர் தாங்கிய குடியிருப்பில்தான் இந்த நாட்டின் முதல் ருக்குன் தெத்தாங்கா எழுந்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் தமிழாசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இத்திட்டத்திற்கு ஆதாரம் 1975-ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா விதிகள். 1969 மே கலவரத்தை அடுத்து அறிவிக்கப்பட்ட அவசர நிலையின் அதிகாரத்தில் பிறந்தவை அவை. ஆகவே இது விருப்பத்தின் பேரில் சேரும் சங்கமாக இருக்கவில்லை. வட்டாரவாசிகள் பதிந்துகொள்ள வேண்டும், வயது வந்த ஆண்கள் முறை வைத்து இரவு ரோந்து போக வேண்டும், தவறினால் குற்றம். எழுத்தரும் லாரி ஓட்டுநரும் ஆசிரியரும், மலாய்க்காரரும் சீனரும் தமிழரும், ஒரே கொட்டகையில் ஒரே கோப்பிக் குவளையைச் சுற்றி விடியும்வரை விழித்திருந்தார்கள். கையில் ஒரு பிரம்பு, ஒரு டார்ச் விளக்கு. அக்காலத்தில் ரோந்து போன பெரியவர்களைப் பேசவிட்டுப் பாருங்கள். பிடித்த திருடனைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார்கள். யாருடன் சேர்ந்து போனோம், யார் தூங்கி விழுந்தார், யார் வீட்டில் இருந்து பலகாரம் வந்தது என்பதையே சொல்வார்கள்.

அச்சத்தினால் விதிக்கப்பட்ட கட்டாயம் அது. அதை நான் புகழ்ந்துரைக்க வரவில்லை. பகலெல்லாம் உழைத்த மனிதரை இரவிலும் சட்டம் போட்டு எழுப்புவது சிறிய காரியமன்று. ஆயினும் மே கலவரம் முடிந்து ஆறே ஆண்டுகளில், ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்த மக்களை அது ஒரே இருட்டில் ஒன்றாக நிற்க வைத்தது. பாடநூல் கூறும் ஒற்றுமை இந்தக் காவலின் உடன்விளைவாய்க் கிடைத்தது என்பதே என் கருத்து.

1980-களின் முற்பகுதியில் அச்சம் தணிந்தது. ரோந்தின் கட்டாயம் தளர்ந்தது. அமைப்பின் நோக்கம் பாதுகாப்பிலிருந்து அண்டை உறவுக்கு மாறியது. பெயர்ப்பலகை நின்றது, ஆண்டு விருந்து நடந்தது. ஆனால் இரவில் கூடும் வழக்கம் பல இடங்களில் மெல்ல மறைந்தது.

2001 மார்ச் மாதம் பழைய கிள்ளான் சாலை ஓரத்துக் கம்போங் மேடானில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். ஒரு திருமண வீட்டுக்கும் ஓர் இறப்பு வீட்டுக்கும் இடையில் எழுந்த பூசலே தொடக்கம் என்று அப்போது செய்திகள் கூறின. ஆறு பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நம்மவர். நெருக்கடியான வீடுகள், வறுமை, வதந்தி என்று காரணங்கள் பல உண்டு. ஒரு ரோந்துக் கொட்டகை அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எனினும் சுவருக்கு அப்பால் இருப்பவரின் பெயர் தெரிந்த தெருவில் வதந்தி அவ்வளவு விரைவாக ஓடாது.

2011-இன் இறுதியில் நாடாளுமன்றம் பழைய அவசர நிலை அறிவிப்புகளை நீக்கியது. அவற்றின் மேல் நின்ற விதிகளும் காலாவதியாக இருந்ததால், 2012-இல் ருக்குன் தெத்தாங்காவிற்குத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தன்னார்வ ரோந்துத் திட்டமும் அதற்குள் இடம்பெற்றது. இப்பொழுது ரோந்து போவது அவரவர் விருப்பம்.

இதற்கிடையில் தாமான்தோறும் தடுப்புக் கம்பமும் கூலிக் காவலரும் வந்துவிட்டனர். மாதக் கட்டணம் செலுத்தாத குடியிருப்பாளர் கம்பத்தைத் தாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து ஒருவர் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அந்த ஏற்பாடு சட்டத்திற்குப் புறம்பானதன்று என்று 2015-இல் தீர்ப்பாயிற்று. கட்டணம் கொடுப்பவர்களை நான் குறை கூறவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டாரின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பல தெருக்களில் காவலரோ நேப்பாளத்திலிருந்து வந்தவர். எந்த வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார், எந்தப் பையன் சில நாளாய்ப் பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை என் வகுப்பு மாணவர்களை இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்ப்பக்கம் உள்ள வீட்டாரின் பெயர்களை எழுதச் சொன்னேன். பலர் காரின் நிறத்தை எழுதிக் கொடுத்தனர்.

மீண்டும் ரோந்து தொடங்க நினைக்கும் பெற்றோர்கள் சிலவற்றை நினைவிற்கொள்க. மாவட்ட ஒருமைப்பாட்டு அலுவலகத்தின் வழியாக முறைப்படி பதிந்துகொண்டே தொடங்குங்கள். வட்டாரப் போலீஸ் நிலையத்திற்கும் தெரிவியுங்கள். தனியே போகாதீர்கள். வெளியூர் போகும் குடும்பம் இருபுற வீட்டாரிடமும் சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்துங்கள். அதற்கு எந்தப் பதிவும் வேண்டியதில்லை. ஐயத்திற்குரிய வண்டியைக் கண்டால் அதன் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள், துரத்த வேண்டாம். கண்ணெதிரே கடுங்குற்றம் செய்தவரைத் தனிமனிதர் பிடித்து வைக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அடிப்பதற்கு அதில் இடமில்லை. பிடிபட்டவரைக் கூட்டமாக அடித்து, அவர் இறந்து, அடித்தவர்கள் கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான நிகழ்வுகள் நம் நாட்டில் உண்டு. ரோந்துக்குக் கிளம்பும் இளைஞர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.