சாளரத்துக்கு ஒரே சொந்தக்காரர்
1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் விசைத் தட்டல்கள் எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரே வரிசையில் நின்றன. ஒரு நிரல் வழிவிடாவிட்டால் மற்றவையும் நிற்கும். திரையில் மணற்கடிகாரம் மட்டுமே தெரியும். 1993இல் விண்டோஸ் என்டியும் அடுத்து விண்டோஸ் 95உம் இதை மாற்றின. ஒரு சாளரத்தை உருவாக்கிய திரெட்டுக்கே, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் அந்த வேலை இழைக்கே, அது சொந்தம். அதற்கு வரும் செய்திகளை அந்தத் திரெட்டே தன் தனி வரிசையிலிருந்து எடுத்துக் கையாள வேண்டும். மைக்ரோசாஃப்டின் எம்எஃப்சி நிரல் நூலகம் திரெட்டுகளை, செய்திகளை எடுத்துக்கொண்டே இருக்கும் செய்தி வளையம் உள்ள யூஐ திரெட் என்றும் பின்னால் உழைக்கும் வொர்க்கர் திரெட் என்றும் பிரித்தது இந்த விதியின் மேல்தான். தமிழில் எழுதுவோருக்கு இந்த விதி செய்த உதவியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழ் விசைப்பலகையும் லதா எழுத்துருவும் விண்டோஸ் 2000இல் சேர்ந்தன. அப்போது விசைப்பலகை மொழி ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனியாக இருந்தது. ரெட்டியார்சத்திரம் போன்ற ஊரில் மனு தட்டச்சு செய்பவர் வேர்டில் தமிழையும் எக்செலில் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டால், சாளரம் மாறும்போது மொழியும் தானே மாறும். ஆனால் நம்மவர்களில் பலர் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தனிச் செயலிகளில்தானே தட்டினார்கள் என்று கேட்கலாம். விதி அங்கும் விடுவதில்லை. விசைகளை இடைமறிக்க விண்டோஸ் தரும் வழிகளில் ஒன்று, அதை நிறுவிய திரெட்டின் செய்தி வளையம் ஓடிக்கொண்டிருந்தால்தான் இயங்கும். அந்தத் திரெட்டிலேயே அகராதித் தேடல் போன்ற கனமான வேலையை ஏற்றி அது பதில் தரத் தாமதித்தால், விண்டோஸ் 7 முதல் அந்த இடைமறிப்பு சொல்லாமலே நீக்கப்படலாம். அப்படி ஒரு செயலி எழுதப்பட்டிருந்தால், தமிழ் பாதி வரியில் ஆங்கிலமாகிவிடும். குறை விதியில் இல்லை. தேடலை வொர்க்கர் திரெட்டுக்குத் தராத நிரலில் இருக்கிறது.

எல்லாத் திரெட்டுகளுமே சாளரத்தைத் தொடட்டும், பூட்டுகள் போட்டுச் சமாளிக்கலாம் என்பது வலுவான மறுப்பு. ஜாவா மொழியின் சாளர நூலகமான ஏடபிள்யூடி அந்த நம்பிக்கையில்தான் தொடங்கியது. ஆனால் பயனரின் சொடுக்கு இயங்குதளத்திலிருந்து நூலகம் வழியாக நிரலுக்கு ஏறிவருகிறது. நிரலின் கட்டளை அதே வழியில் இறங்குகிறது. இரு திரெட்டுகள் ஒரே பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் பிடித்தால் இரண்டும் என்றைக்கும் நகராது. 1998இல் ஜாவாவோடு சேர்ந்த ஸ்விங் என்ற அடுத்த நூலகம், சாளரப் பணிகளை ஒரே திரெட்டுக்குத் திருப்பியது. 2004இல் சன் நிறுவனத்தின் கிரஹாம் ஹாமில்டன், எல்லாத் திரெட்டுகளும் சாளரத்தைத் தொடும் பழைய கனவு தோற்றுவிட்டதா என்று வெளிப்படையாகவே கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டு வந்த மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 2.0, பிழைதிருத்தும்போது வேறு திரெட் சாளரத்தைத் தொட்டாலே பிழை எழுப்பியது. கூடவே, கனமான வேலையைப் பின்னணித் திரெட்டில் ஓட்ட உதவும் பேக்கிரவுண்ட்வொர்க்கரையும் தந்தது. தடையோடு மாற்று வழியும் கொடுத்தது நல்ல முடிவு.

2012இல் விண்டோஸ் 8 விசைப்பலகை மொழியைக் கணினி முழுமைக்கும் பொதுவாக்கியது. அப்படியானால் பழைய ஏற்பாடு தவறுதானே? எந்தச் சாளரத்தில் எந்த மொழி என்று நினைவில் வைக்க முடியாமல் தடுமாறியவர்களுக்கு அந்த மாற்றம் உதவியது. ஆனால் மாறியது மொழியின் இயல்பிருப்பு மட்டுமே. சாளரத்தின் உரிமை இன்றும் அதை உருவாக்கிய திரெட்டிடமே இருக்கிறது. ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி வேண்டுவோருக்கு அமைப்புகளில் அந்தத் தெரிவும் விடப்பட்டிருக்கிறது.