சமக்குறி செய்த குழப்பம்

கணக்கில் '=' குறியை 1557-ல் அறிமுகப்படுத்தியவர் ராபர்ட் ரெக்கார்ட். இரண்டு பக்கமும் சமம் என்பது அதன் பொருள். சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1957-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் அதே குறிக்கு வேறு வேலை: வலப்பக்க மதிப்பை இடப்பக்கத்தில் போடு. க = க + 1 என்பது கணக்கு வகுப்பில் தப்பு, கம்ப்யூட்டர் வகுப்பில் சரி. புதிதாகப் படிக்க வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அல்கால் மொழியும், 1970-ல் நிக்லாஸ் விர்த் மாணவர்களை மனதில் வைத்து உருவாக்கிய பாஸ்கலும் இந்த வேலைக்கு := என்று தனிக்குறி வைத்தன. ஆனால் 1972-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி பழைய வழிக்கே போனது. மதிப்பைப் போடுவதுதான் அடிக்கடி வரும் வேலை என்பதால் அதற்குச் சின்னக் குறி '='. சமமா என்று பார்க்க '=='. ஒன்றை அடிக்க மறந்தால், கேள்வி கேட்க வேண்டிய வரி மதிப்பையே மாற்றிவிடும். புரோகிராமும் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

2003 நவம்பரில் லினக்ஸ் மூலநிரலின் ஒரு நகலில் யாரோ இதை வேண்டுமென்றே நுழைத்தார்கள். பயனர் நிர்வாகியா என்று சோதிப்பது போலத் தெரிந்த அந்த வரி, உண்மையில் அவரை நிர்வாகியாகவே ஆக்கிவிடும்! நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். மாணவர்கள் தெரியாமல் விடும் பிழைதான், அங்கே கள்ளச்சாவி ஆகப் பார்த்தது.